மே குஸ்தா என்றால் எனக்குப் பிடிக்கும்

மொழித் திண்ணை: வாசகர் கேள்வி பதில்

காவேரிப்பட்டணத்தில் எங்கள் வீட்டுத் திண்ணையில் சனி, ஞாயிறுகளில் பிள்ளைகளுக்கு ஸ்பானிஷ் சொல்லிக்கொடுப்பதைப் பற்றிப் போன இதழில் இரண்டு பக்கம் எழுதியிருந்தேன். பெங்களூருப் பள்ளியொன்றில் 22 வருஷம் பதினொன்று, பன்னிரண்டாம் வகுப்புகளுக்கு அந்த மொழியை நடத்திவிட்டு ஊர் திரும்பியவள் நான். கட்டுரை வந்த சில நாட்களில் ஆசிரியர் குழு ஒரு கட்டுக் கடிதங்களை அனுப்பிவைத்தது. பெரும்பாலும் தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்துக் கடிதங்கள். பெயர் போட வேண்டாம் என்று பலர் கேட்டிருப்பதால் ஊர் மட்டும் போட்டிருக்கிறேன்.

கேள்வி: என் மகள் எட்டாவது வரை பாலக்கோட்டில் தமிழ் வழியில் படித்தாள். இப்போது பெங்களூரில் விடுதியில் தங்கி ஐ.பி. (இன்டர்நேஷனல் பாக்கலரேட் என்ற பன்னாட்டுப் பாடத்திட்டம்) பதினோராம் வகுப்பு. ஒன்பதாவதிலிருந்து ஸ்பானிஷ் படிக்கிறாள். ‘உன் ஆங்கிலம் சரியாகாமல் ஸ்பானிஷ் வராது’ என்று வகுப்பில் சொல்லிவிட்டார்களாம். போனில் அழுகிறாள். பாடத்தை மாற்றிவிடலாமா? (ஒரு தாய், பாலக்கோடு)

பதில்: மாற்ற வேண்டாம் அம்மா. உங்கள் மகளிடம் அந்த மொழிக்கு வேண்டிய சாவி ஒன்று ஏற்கெனவே இருக்கிறது. அது தமிழ். இதை ஆறுதலுக்காகச் சொல்லவில்லை.

1986-இல் நான் ஸ்பானிஷ் படிக்க தில்லிக்கு ரயிலேறியபோது என் ஆங்கிலமும் உங்கள் மகளுடையது மாதிரிதான் இருந்தது. முதல் வாரத்திலேயே ‘மே குஸ்தா எல் மாங்கோ’ என்று ஒரு வாக்கியம் வந்தது. பாடப்புத்தகம் அதற்கு ஆங்கிலத்தில் அரைப் பக்கம் விளக்கம் கொடுத்திருந்தது. மாம்பழம்தான் எழுவாய், நான் எழுவாய் இல்லை, மாம்பழம் எனக்கு இன்பம் தருகிறது என்று தலைகீழாகப் போயிற்று. படிக்கப் படிக்கக் குழப்பம்தான் கூடியது. அப்புறம் ஓரத்தில் பென்சிலால் தமிழில் எழுதிப் பார்த்தேன்: எனக்கு மாம்பழம் பிடிக்கும். அவ்வளவுதான்! ‘மே’ என்றால் எனக்கு. ‘குஸ்தா’ என்றால் பிடிக்கும். ‘நான் மாம்பழத்தைப் பிடிக்கிறேன்’ என்று நம் ஊரில் யார் சொல்வார்கள்? தலைவலி வந்தாலும் இதே கதைதான். ‘மே துவேலே லா கபேஸா’, எனக்குத் தலை வலிக்கிறது.

இன்னொன்று சொல்கிறேன். டம்ளர் கீழே விழுந்தால் நாம் ‘டம்ளரைப் போட்டுவிட்டேன்’ என்று உடனே பழியை ஏற்றுக்கொள்வதில்லை. ‘கைதவறி விழுந்துடுச்சு’ என்கிறோம். ‘நான் மறந்தேன்’ என்பதைவிட ‘எனக்கு மறந்துபோச்சு’ என்பதுதான் வாயில் வரும். ஸ்பானிஷும் அப்படியே. ‘செ மே ஒல்விதோ’ என்றால் எனக்கு மறந்துபோச்சு. ‘செ மே காயோ எல் வாசோ’ என்றால் டம்ளர் என் கையிலிருந்து விழுந்துபோச்சு. ஆங்கிலத்தை மட்டும் துணைக்கு வைத்துக்கொண்ட பிள்ளைகள் இந்த இடத்தில் வாரக்கணக்கில் திணறியதைப் பார்த்திருக்கிறேன். அதையே தமிழில் ஒருமுறை சொல்லிக் காட்டினால் பத்து நிமிடத்தில் பிடித்துக்கொள்வார்கள்.

‘பேசுகிறேன்’ என்றாலே பேசுவது யார் என்று தெரிந்துவிடுகிறது, ‘நான்’ தேவையில்லை. ‘ஆப்லோ’ என்பதும் அப்படித்தான். நீ, நீங்கள் என்ற பேதமும் அங்கே உண்டு: தூ, உஸ்தேத். பிற மொழிக்காரர்கள் வருந்திப் பழகும் ‘ஞ’ ஒலி நமக்கு அரிச்சுவடியிலேயே இருக்கிறது. நாளை என்பதை ‘மஞானா’ என்று உங்கள் மகள் முதல் தடவையிலேயே சரியாகச் சொல்லியிருப்பாள், கேட்டுப் பாருங்கள்.

தமிழ் கைகொடுக்காத இடங்களும் உண்டு, மறைக்க மாட்டேன். மேசை பெண்பால், புத்தகம் ஆண்பால் என்பதெல்லாம் நமக்குப் புதிது. அங்கே கிருஷ்ணகிரியில் வீட்டில் உருது பேசும் பிள்ளைகள் நம்மை முந்திக்கொள்வார்கள். அதற்குக் குறுக்குவழி கிடையாது. ஒவ்வொரு பெயர்ச்சொல்லையும் அதன் ‘எல்’ அல்லது ‘லா’வோடு சேர்த்தே மனப்பாடம் செய்யச் சொல்லுங்கள். நோட்டின் ஓரத்தில் தமிழில் எழுதிக்கொள்ளவும் சொல்லுங்கள். யாராவது தடுத்தால், நான் சொன்னேன் என்று சொல்லட்டும்.

கேள்வி: ‘இருக்கிறது’ என்பதற்கு ஸ்பானிஷில் செர், எஸ்தார் என இரண்டு வினைகள். நிலையானதற்கு செர், தற்காலிகமானதற்கு எஸ்தார் என்று படித்தேன். ஆனால் இறந்துபோனவருக்கு எஸ்தார் போடுகிறார்கள். சாவு தற்காலிகமா? (பன்னிரண்டாம் வகுப்பு மாணவர், தர்மபுரி)

பதில்: தம்பி, நல்ல இடத்தில் கை வைத்திருக்கிறாய். அந்த நிலையானது–தற்காலிகமானது விதி முதல் ஆறு மாதத்துக்கு உதவும். மேல்நிலை வகுப்புக்கு வந்தபின் அது காலை வாரிவிடும்.

நம் தமிழிலேயே இரண்டு விதமான வாக்கியங்கள் உண்டு. ‘நான் ஆசிரியை’ என்பதில் ‘இரு’ என்ற வினையே இல்லை. ‘நான் களைப்பாக இருக்கிறேன்’ என்பதில் இருக்கிறது. முதலாவதற்கு ஸ்பானிஷ் செர் போடும், இரண்டாவதற்கு எஸ்தார். ‘தர்மபுரி தமிழ்நாட்டில் இருக்கிறது’ என்கிறோம், அது எஸ்தார். ‘கல்யாணம் எங்கே?’ என்று கேட்டால் ‘கல்யாணம் தர்மபுரியில்’ என்கிறோம். கல்யாணம் தர்மபுரியில் ‘இருக்கிறது’ என்று யாரும் சொல்வதில்லை. ஆச்சரியம் என்னவென்றால் ஸ்பானிஷும் ஊருக்கு எஸ்தார், கல்யாணத்துக்கு செர் என்றுதான் பிரிக்கிறது. ‘லா போதா எஸ் என் தர்மபுரி.’ சாவும் அப்படியே. ‘செத்திருக்கு’, ‘இறந்து கிடக்கிறார்’ என்று நாமும் ஒரு நிலையாகத்தானே சொல்கிறோம்? ஒரு மாற்றம் நடந்து, அதனால் வந்து நிற்கும் நிலைக்கு எஸ்தார். அது எத்தனை காலம் நீடிக்கும் என்பது கேள்வியே இல்லை.

இந்தப் பாடத்தை நான் எங்கள் தோட்டத்து மாமரத்தடியில்தான் நடத்துவேன். ‘எல் மாங்கோ எஸ் வெர்தே’ என்றால் அந்த மாங்காயின் நிறமே பச்சை. ‘எல் மாங்கோ எஸ்தா வெர்தே’ என்றால் இன்னும் காய்தான், பழுக்கவில்லை. நம் பெங்களூரா காய் தோல் பச்சையாக இருக்கும்போதே உள்ளே பழுத்துவிடுவதும் உண்டு. அப்போது செர் போட்டுப் பச்சை என்று சொல்லலாம், எஸ்தார் போட்டுச் சொல்ல முடியாது. ‘லிஸ்தோ’வும் இப்படித்தான். செர் போட்டால் புத்திசாலி, எஸ்தார் போட்டால் தயார்.

ஆனால் இந்த ஒப்பீட்டை எல்லா இடத்திலும் நீட்டாதே. ‘அவள் உயரமாக இருக்கிறாள்’ என்று நாம் சொன்னாலும் ஸ்பானிஷில் அது செர்தான். உருவமும் குணமும் அங்கே செர் பக்கம். சந்தேகம் வந்தால் ‘அவள் உயரம்’ என்று ‘இரு’ இல்லாமல் சொல்லிப் பார். சொல்ல முடிந்தால் பெரும்பாலும் செர்.

கேள்வி: இதைப் படித்தால் வேலை கிடைக்குமா? எங்கே படிக்கலாம்? சான்றிதழ் உண்டா? (ஒரு தந்தை, ஊத்தங்கரை)

பதில்: 20 நாடுகளில் ஆட்சிமொழி, சுமார் 50 கோடிப் பேருக்குத் தாய்மொழி. பெங்களூரு நமக்குப் பக்கத்தில் இருக்கிறது, லத்தீன் அமெரிக்க வாடிக்கையாளர்களோடு பேச ஆள் தேடும் நிறுவனங்கள் அங்கே உண்டு. ஆனால் மொழியோடு இன்னொரு தொழிலும் கையில் இருப்பது நல்லது. கணக்குப்பதிவோ, மென்பொருளோ, மருத்துவமோ, அதோடு ஸ்பானிஷ்.

ஐ.பி.யில் புதிதாகத் தொடங்குபவர்களுக்கு ‘ஆப் இனிஷியோ’ என்ற பாடம். ஏற்கெனவே சில ஆண்டுகள் படித்தவர்களுக்கு ‘லாங்குவேஜ் பி’. அதன் உயர்நிலையில் ஸ்பானிஷிலேயே இரண்டு இலக்கியப் படைப்புகள் படிக்க வேண்டும். பள்ளிக்கு வெளியே ‘டெலே’ என்ற சான்றிதழ் தேர்வு இருக்கிறது. ஏ1 முதல் சி2 வரை ஆறு படிகள். 1991-இல் ஸ்பெயின் அரசு தொடங்கிய இன்ஸ்டிட்யூட்டோ செர்வாந்தெஸ் அதை நடத்துகிறது, தில்லியிலும் அதற்கு மையம் உண்டு. ஒருமுறை தேறினால் அந்தச் சான்றிதழ் காலாவதி ஆகாது. பி2 படியில் படிப்பதும் எழுதுவதும் ஒரு பிரிவு, கேட்பதும் பேசுவதும் இன்னொரு பிரிவு. ஒவ்வொன்றிலும் 50-க்கு 30 எடுத்தாக வேண்டும். ஒன்றில் அள்ளி இன்னொன்றை ஈடுகட்ட முடியாது. பன்னிரண்டு முடித்ததும் பட்டப்படிப்பு என்றால் தில்லி ஜவாஹர்லால் நேரு பல்கலைக்கழகம், ஹைதராபாத்தில் ஆங்கிலம் மற்றும் அயல்மொழிகள் பல்கலைக்கழகம் இரண்டையும் முதலில் பாருங்கள்.

கேள்வி: பண்பாடு பற்றிய கட்டுரைக்கு எங்கள் ஊர் எருது விடும் விழாவையும் ஸ்பெயினின் காளை ஓட்டத்தையும் ஒப்பிட்டு எழுதினேன். மூன்று பக்கம். ‘பாடத்துக்கு வெளியே போய்விட்டாய்’ என்று மதிப்பெண்ணைக் குறைத்துவிட்டார்கள். நான் செய்தது தவறா? (மாணவி, ஓசூர்)

பதில்: ஒப்பிட்டதில் தவறே இல்லை, கண்ணு. மூன்று பக்கத்தில் எத்தனை பக்கம் நம் ஊர், எத்தனை பக்கம் காளை ஓட்டம் நடக்கும் பாம்ப்லோனா என்று எண்ணிப் பார். இரண்டரைப் பக்கம் நம் ஊராக இருந்தால் மதிப்பெண் குறைந்ததில் எனக்கு வியப்பில்லை. தேர்வு கேட்பது ஸ்பானிஷ் பேசும் சமூகத்தைப் பற்றி உனக்கு என்ன தெரியும், அதைப் பற்றி நீ என்ன நினைக்கிறாய் என்பதை. நம் ஊர் அனுபவம் உன்னை அந்தக் கேள்விக்குள் கொண்டுபோய் விட வேண்டும். கொண்டுபோய் விட்டதும் அது திரும்பி வந்துவிட வேண்டும்.

இப்படி யோசித்துப் பார். தெருவின் இரண்டு பக்கமும் தடுப்புக் கட்டி, நடுவில் மாட்டை அவிழ்த்து விட்டு, கூட்டம் கத்துவதை நீ சின்ன வயதிலிருந்து பார்த்திருக்கிறாய். அதனால் பாம்ப்லோனாவின் சான் ஃபெர்மின் விழாவைப் பற்றி மற்றவர்களுக்குத் தோன்றாத கேள்வி உனக்குத் தோன்றும். ‘ஓடி முடித்தபின் அந்த மாடு எங்கே போகிறது?’ என்பதுதான் அது. இங்கே கொம்பில் கட்டிய பரிசோடு வீட்டுக்குப் போகிறது, தொழுவத்தில் தீவனம் கிடைக்கிறது. அங்கே ஜூலை 7 முதல் 14 வரை தினமும் காலை 8 மணிக்கு ஏறக்குறைய 850 மீட்டர் ஓடும் காளைகள் போய்ச் சேரும் இடம் காளைச்சண்டை அரங்கம். அன்று மாலையே அங்கே அவை கொல்லப்படுகின்றன. இந்த ஒரு வேறுபாட்டிலிருந்து கட்டுரையைத் தொடங்கு.

அப்புறம் முழுக்க ஸ்பெயினுக்குள் போ. கனேரித் தீவுகள் 1991-லேயே காளைச்சண்டையைத் தடை செய்தன. ஸ்பெயினின் தன்னாட்சிப் பகுதியான கத்தலோனியாவின் நாடாளுமன்றம் 2010-இல் தடைச் சட்டம் போட்டது, 2012-இல் அமலுக்கு வந்தது, 2016-இல் ஸ்பெயின் அரசியலமைப்பு நீதிமன்றம் அதை ரத்து செய்தது. தடையை ஆதரித்தவர்களில் எத்தனை பேர் விலங்குக்காகப் பேசினார்கள், எத்தனை பேர் ‘இது மாத்ரித்தின் பண்பாடு, எங்களுடையதல்ல’ என்பதற்காகப் பேசினார்கள் என்று தோண்டு. அங்கேதான் வட்டார அடையாளம் என்ற பாடத் தலைப்பு வந்து நிற்கிறது. 2014-இல் உச்ச நீதிமன்றத் தடை, 2017 தை மாதத்தில் மெரினா, அதன்பின் சட்டத் திருத்தம் என்று இதே போன்ற ஒன்றை நாம் கண்ணால் பார்த்தோம். அது உனக்குள் இருக்கட்டும். கட்டுரையில் அதற்கு நாலு வரி போதும்.

திரும்ப எழுதி எடுத்துக்கொண்டு போ. வாங்க மறுக்க மாட்டார்கள்.

கேள்வி: நான் ஓய்வுபெற்ற தமிழாசிரியர். என் பேத்திக்குப் பாடமாக ஸ்பெயின் எழுத்தாளர் லோர்காவின் நாடகம் ஒன்று வந்திருக்கிறது. நம் பிள்ளைகளுக்கு அந்நிய நாட்டு இலக்கியம் ஒட்டுமா? (வாசகர், பென்னாகரம்)

பதில்: ஐயா, ‘பெர்னார்தா ஆல்பாவின் வீடு’ என்ற நாடகமாக இருக்கும் என்று நினைக்கிறேன். மேல்நிலை வகுப்புகளில் அதிகம் வைக்கப்படுவது அதுதான். அதுவானால் ஒட்டுமா என்ற கவலை வேண்டாம், உங்கள் பேத்தி தூக்கம் கெட்டுப் படிப்பாள்.

கணவன் இறந்த வீடு. தாய் பெர்னார்தா, எட்டு வருஷம் துக்கம் என்று அறிவிக்கிறாள். 20 வயது முதல் 39 வயது வரை ஐந்து பெண்கள் அந்தச் சுவர்களுக்குள் அடைபடுகிறார்கள். நாடகம் முழுக்க ஓர் ஆண்கூட மேடைக்கு வருவதில்லை, ஆனால் எல்லாப் பேச்சும் வெளியே நிற்கும் ஓர் ஆணைச் சுற்றியே போகிறது. பெர்னார்தா பேசும் முதல் சொல்லும் கடைசிச் சொல்லும் ‘அமைதி’ என்ற கட்டளைதான்.

ஸ்பானிஷில் ‘எல் கே திரான்’ என்று ஒரு தொடர் உண்டு. சொல்லுக்குச் சொல் பார்த்தால் ‘என்ன சொல்வார்கள்’. நாம் ‘நாலு பேர் என்ன சொல்லுவாங்க’ என்கிறோமே, அதேதான். அந்தப் பயத்தையே அவர்கள் ஒரு பெயர்ச்சொல்லாக்கி வைத்திருக்கிறார்கள். பெர்னார்தாவின் வீட்டை ஆள்வது அதுதான். இதைத் திண்ணையில் சொன்ன அன்று, மொரப்பூர்ப் பக்கத்திலிருந்து வரும் ஒரு பெண் தன் அத்தையைப் பற்றிப் பேசினாள். பதினாறாம் நாள் காரியம் முடிந்தபின் அந்த அத்தை மூன்று வருஷம் வாசல் தாண்டவில்லையாம். வீட்டில் யாரும் அவரைப் போகக்கூடாது என்று சொல்லவில்லையாம், போகலாம் என்றும் சொல்லவில்லையாம். அன்று நான் அதற்கு மேல் பாடம் நடத்தவில்லை. அந்தப் பெண் அடுத்த வாரம் எழுதிக்கொண்டு வந்த கட்டுரை, என் இத்தனை வருஷத்தில் அந்த நாடகத்தைப் பற்றி ஒரு மாணவி எழுதிய சிறந்த கட்டுரைகளில் ஒன்று.

காலத்தையும் பேத்திக்குச் சொல்லுங்கள். லோர்கா அதை எழுதி முடித்தது 1936 ஜூனில். ஜூலையில் உள்நாட்டுப் போர் வெடித்தது. ஆகஸ்டில் கிரனாதாவுக்கு அருகே, பின்னாளில் ஸ்பெயினின் சர்வாதிகாரியான பிராங்கோவின் தரப்பினர் அவரைச் சுட்டுக் கொன்றார்கள். வயது 38. அந்த நாடகத்தை அவர் மேடையில் பார்க்கவே இல்லை. முதல் அரங்கேற்றம் 1945-இல், ஸ்பெயினில் அல்ல, அர்ஜென்டினாவின் புவனெஸ் ஐரெஸில்.

நீங்கள் தமிழாசிரியர் என்பதால் ஒரு வேண்டுகோள். பேத்தியை ஒரு காட்சியை மட்டும் தமிழாக்கச் சொல்லி, நீங்கள் திருத்திக் கொடுங்கள். வேலைக்காரி போன்சியா பேசும் பேச்சுக்கு பென்னாகரத்துப் பேச்சு எவ்வளவு பொருந்துகிறது என்று நீங்களே பார்ப்பீர்கள்.

கேள்வி: நாங்கள் வீட்டில் தெலுங்கு, கடைத்தெருவில் கன்னடம், பள்ளியில் தமிழும் ஆங்கிலமும். இதற்கு மேல் இன்னொரு மொழி பையனுக்குச் சுமையாகாதா? (வாசகி, தேன்கனிக்கோட்டை)

பதில்: உங்கள் பையனுக்கு ஸ்பெயின் என்ற நாடு மற்ற பிள்ளைகளைவிடச் சீக்கிரம் புரியும். அங்கேயும் ஒரே மொழி இல்லை. கத்தலான், காலிசியன், பாஸ்க் என்று தனித்தனி மொழிகள். பாஸ்க் மொழிக்கு ஐரோப்பாவில் உறவே கிடையாது, தன்னந்தனி. பிராங்கோ ஆட்சி நடந்த 1939 முதல் 1975 வரை இந்த மொழிகளைப் பள்ளியிலிருந்தும் அலுவலகத்திலிருந்தும் துரத்தினார்கள். 1978 அரசியலமைப்புச் சட்டம் வந்தபின் அந்தந்தத் தன்னாட்சிப் பகுதியில் அவை ஸ்பானிஷோடு சேர்ந்து ஆட்சிமொழி ஆயின. 2023 செப்டம்பரிலிருந்து மாத்ரித் நாடாளுமன்றத்தின் கீழவையிலும் அவற்றில் பேசலாம், மற்ற உறுப்பினர்கள் காதில் கருவி மாட்டி மொழிபெயர்ப்பைக் கேட்கிறார்கள். 1965-ஐ நினைவில் வைத்திருக்கும் தமிழ்நாட்டில் இந்தப் பாடத்தை நடத்துவது எனக்கு மிகவும் பிடித்த வேலை. ஒரு வார்த்தை கூட அதிகமாக விளக்க வேண்டியிருக்காது.

சுமை என்றீர்கள். ஆள் பார்த்து மொழி மாற்றிப் பேசும் பழக்கம் பையனுக்கு ஏற்கெனவே வந்துவிட்டது. கஷ்டமான பாதி அதுதான்.

கேள்வி: சப்ஜங்டிவ் எனக்குச் சுத்தமாகப் புரியவில்லை. (மாணவர், அரூர்)

பதில்: ஒரு வரிக் கடிதம், ஆனால் மேல்நிலைத் தேர்வின் பெரிய கண்டம் இதுதான்.

‘மழை பெய்கிறது’ என்பது செய்தி. ‘மழை பெய்யட்டும்’ என்பது செய்தியில்லை, ஆசை. ஆடியில் வானத்தைப் பார்த்து நம் அரூரில் யாரும் சொல்வதுதான். அந்த ‘அட்டும்’ இருக்கும் இடத்தில் ஸ்பானிஷும் வினையின் வாலை மாற்றுகிறது. ‘யுவேவே’ பெய்கிறது, ‘கே யுவேவா’ பெய்யட்டும். நடந்ததையும் நடப்பதையும் சொன்னால் சாதாரண வடிவம். வேண்டுதல், பயம், சந்தேகம், இன்னும் வராத நாள் என்றால் சப்ஜங்டிவ். ‘அவன் வந்தால் சாப்பிடலாம்’ என்று காத்திருப்பதும் இந்தக் கணக்கில்தான் சேரும். ‘குவாந்தோ யேகே’ என்பார்கள். அவன் இன்னும் வரவில்லையே!

‘ஒஹலா’ என்ற சொல்லை முதலில் பிடித்துக்கொள். அது வந்தால் கண்ணை மூடிக்கொண்டு சப்ஜங்டிவ். ஸ்பெயினில் 711 தொடங்கி 1492 வரை இஸ்லாமிய ஆட்சி ஏதாவதொரு பகுதியில் இருந்தது. இறைவன் நாடினால் என்ற பொருள்கொண்ட அரபுத் தொடர் தேய்ந்து தேய்ந்து ஒஹலா ஆயிற்று. பக்கத்து வீட்டு பாய் பேச்சுக்குப் பேச்சு ‘இன்ஷா அல்லாஹ்’ சொல்வதைக் கேட்டிருப்பாய். இரண்டிலும் அதே அல்லாஹ்தான், அதே நாட்டம்தான். ‘ஒஹலா யுவேவா’ என்று பத்து நாள் சொல், பதினோராம் நாள் விதி தானாக வரும்.

கேள்வி: நான் தக்காளி விவசாயி. தக்காளி ஸ்பானிஷ்காரர்கள் கொண்டுவந்தது என்கிறான் என் பையன். உண்மையா? (வாசகர், ராயக்கோட்டை)

பதில்: பையன் சொல்வதில் பாதி சரி. தக்காளி அமெரிக்கக் கண்டத்துச் செடி. மெக்சிகோவின் நாவாட்டல் மொழியில் ‘தொமாட்டல்’. ஸ்பானியர்கள் அதைத் ‘தொமாத்தே’ ஆக்கி ஐரோப்பாவுக்கு எடுத்துப் போனார்கள். நாம் பெயரை வாங்கவில்லை, நம் காட்டில் ஏற்கெனவே இருந்த சிறு தக்காளியின் பெயரையே அதற்கும் வைத்துக்கொண்டோம். சப்போட்டாவில் அப்படியில்லை. அதே நாவாட்டலின் ‘ட்ஸாபோட்டல்’, ஸ்பானிஷில் ‘ஸபோத்தே’ ஆகி, பெயரோடே நம் தோட்டத்துக்கு வந்து சேர்ந்தது. மிளகாயும் உருளைக்கிழங்கும் மக்காச்சோளமும் அந்தக் கரையிலிருந்து வந்தவைதான். மாம்பழம் எதிர்த்திசையில் போயிற்று. மாங்காய் என்ற சொல்லைத் தென்னிந்தியக் கரையில் போர்ச்சுகீசியர் கேட்டு எடுத்துப் போனார்கள், இன்று ஸ்பானிஷில் அது மாங்கோ.

ஆகஸ்ட் கடைசிப் புதன்கிழமை, ஸ்பெயினின் புஞோல் என்ற ஊரில் தக்காளியை ஒருவர்மேல் ஒருவர் எறிந்து விளையாடும் விழா நடக்கும். பாடப்புத்தகம் எல்லாவற்றிலும் அதன் வண்ணப்படம் உண்டு. விலை விழுந்து தக்காளியைச் சாலையோரம் கொட்டிவிட்டு வெறும் கூடையோடு திரும்பும் ஊர் நம்முடையது. அந்தப் படத்தை உங்கள் பையன் பார்க்கும் விதம் வேறாகத்தான் இருக்கும். வகுப்பில் அதைப் பற்றிப் பேசச் சொன்னால் மனதில் உள்ளதைப் பேசட்டும். விமர்சனம் செய்வதற்கும் தேர்வில் மதிப்பெண் உண்டு.

கேள்வி: லண்டனில் இருக்கும் என் தங்கை மகன் ஏ லெவலில் (நம் மேல்நிலை வகுப்பு மாதிரி) ஸ்பானிஷ் படிக்கிறான். தனி ஆய்வுக்குத் தலைப்பு தேடுகிறான். விடுமுறைக்கு வரும்போது உங்களைப் பார்க்கலாமா? (வாசகி, கிருஷ்ணகிரி)

பதில்: தாராளமாக. அங்கே பேச்சுத் தேர்வு, தயாரிப்பு நேரமும் சேர்த்து 21 முதல் 23 நிமிடம். அதில் பாதிக்கு மேல் இந்த ஆய்வுதான். இரண்டு நிமிடம் அவன் சொல்ல வேண்டும், ஒன்பது பத்து நிமிடம் தேர்வாளர் கேள்வி கேட்பார். ‘ஸ்பானிஷ் உணவு’ என்று வானளவு தலைப்பு எடுத்தால் இரண்டாவது கேள்வியிலேயே தடுமாறுவான். தலைப்பு ஒரு கேள்வியாக இருக்க வேண்டும், சின்னதாக இருக்க வேண்டும், படிக்க ஸ்பானிஷ் மொழியிலேயே பொருள் கிடைக்க வேண்டும்.

அவனுக்காக ஒன்று யோசித்து வைத்திருக்கிறேன். 1565 முதல் 1815 வரை 250 ஆண்டுகள் மணிலாவுக்கும் மெக்சிகோவின் அகபுல்கோவுக்கும் இடையே ஸ்பானியக் கப்பல்கள் ஓடின. வெள்ளி இந்தப் பக்கம், பட்டும் வாசனைப் பொருளும் அந்தப் பக்கம். மாமரம் மெக்சிகோவுக்குப் போன வழிகளில் அதுவும் ஒன்று. இன்றும் அங்கே ஒரு ரகத்துக்கு ‘மணிலா மாங்கோ’ என்றே பெயர். நறுக்கி மிளகாய்த்தூளும் உப்பும் எலுமிச்சையும் போட்டு வீதியில் விற்கிறார்கள், நம் பள்ளிக்கூட வாசலில் விற்பது மாதிரியே. அந்தக் கப்பல்கள் மெக்சிகோவின் சாப்பாட்டை எந்த அளவுக்கு மாற்றின என்று ஒரு கேள்வி வைத்துக்கொள்ளட்டும். மாம்பழ ஊர்க்காரப் பையனிடம் தேர்வாளர் அதைப் பற்றி எத்தனை கேள்வி வேண்டுமானாலும் கேட்கலாம்.

அரசியல் பிடிக்கும் என்றால் வேறொன்று. அர்ஜென்டினாவில் ராணுவ ஆட்சி தூக்கிக்கொண்டு போன பிள்ளைகளைத் தேடி 1977 ஏப்ரல் 30 அன்று புவனெஸ் ஐரெஸின் மாயோ சதுக்கத்தில் சில தாய்மார் கூடினார்கள். அப்புறம் வியாழன்தோறும், தலையில் வெள்ளைத் துணி கட்டிக்கொண்டு, சுற்றிச் சுற்றி நடந்தார்கள். இந்த நடை ஏன் ஒரு ராணுவத்தைப் பயமுறுத்தியது என்று கேட்கலாம். இதை எடுத்தால் அவசரப்படாமல் படிக்கச் சொல்லுங்கள்.

கேள்வி: ஸ்பானிஷில் ‘போயிட்டு வரேன்’ எப்படிச் சொல்வது? (ஐந்தாம் வகுப்பு, காவேரிப்பட்டணம்)

பதில்: செல்லம், ‘அதியோஸ்’ என்று புத்தகத்தில் இருக்கும். அதற்குள் கடவுள் என்ற சொல் இருக்கிறது, நீண்ட பிரிவுக்கும் அதைச் சொல்வார்கள். நாம் வாசலில் நின்று ‘போறேன்’ என்று சொல்ல மாட்டோம் இல்லையா? அதனால் நீ ‘அஸ்தா லுவேகோ’ என்று சொல். அப்புறம் பார்க்கலாம் என்று அர்த்தம். கடைக்குப் போய் உடனே திரும்புவதாக இருந்தால் ‘ஆஓரா வுவெல்வோ’, இதோ வந்துடறேன். சனிக்கிழமை திண்ணைக்கு வா, நீ உள்ளே வரும்போது சொல்வதற்கும் ஒன்று வைத்திருக்கிறேன்.